இஸ்தாமின் இருமல்

யாருக்காவது சமையல் பக்குவம் சொல்லும்போது இஸ்தாம் நடுவில் ஒரு தடவை இருமுவாள். சளி இருமல் இல்லை. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, ஒரே ஒரு இருமல். அப்புறம் விட்ட இடத்தில் தொடங்காமல் கொஞ்சம் தள்ளித் தொடங்குவாள். புகாராவில் யூதர்கள் குடியிருக்கும் அந்தச் சந்தில் முப்பது வருஷமாக எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். "பாவம், நெஞ்சு பலவீனம்" என்று தேன் கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. இஸ்தாம் தேனை வாங்கி வைத்துக்கொள்வாள்.

அந்த இருமலுக்குள் என்ன போனது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். காரட் ஊறுகாய் என்றால் கொத்தமல்லி விதை போகும். சீமைமாதுளை ஜாம் என்றால் மூடி போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும் என்பது போகும். தேநீருக்கு வெந்நீர் போடும் சமோவாரைத் துலக்குவது, துணியில் கறை எடுப்பது, பித்தவெடிப்புக்குக் களிம்பு காய்ச்சுவது என்று வீட்டுக் குறிப்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியே ஓர் இருமல் இருந்தது. இஸ்தாம் அதிகம் பேசமாட்டாள். பொய் சொல்லவும் வராது. இருமத்தான் வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் அந்தச் சந்தில் யூதர் வீடுகள் நாற்பதுக்கு மேல். வருஷத்துக்கு இரண்டு மூன்று குடும்பம் மூட்டை கட்டி அமெரிக்காவுக்கும் இஸ்ரவேலுக்கும் போய், ஐந்து வீடு மிஞ்சியது. இஸ்தாமின் இரண்டு மகள்களும் நியூயார்க்கில். கணவர் ஓஷேர் காலையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்குப் போய்விட்டால், வீட்டில் சத்தம் போடுவது சுவர்க்கடிகாரம் மட்டும். ஆனால் யாருக்காவது பக்குவம் கெட்டுப்போனால் மறுநாள் கதவு தட்டப்படும். "நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், ஏனோ கெட்டிப்படல" என்று வந்து உட்காருவார்கள். தேநீர் குடிப்பார்கள். மகள்களுக்கும் தொலைபேசியில் அதே இருமல்தான். அவர்களும் திரும்பக் கூப்பிடுவார்கள்.

அதிகம் தட்டியது எதிர்வீட்டு முகர்ரம். முஸ்லிம் குடும்பம். பேச ஆரம்பித்தால் சந்தின் அந்தக் கோடி வரை கேட்கும். பஸ்கா பண்டிகையின்போது யூதர் வீட்டில் புளிக்கக்கூடிய மாவுப் பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. அதனால் இஸ்தாம் வீட்டிலிருக்கும் ரொட்டி, மாவு, சேமியா எல்லாம் மூட்டையாக முகர்ரம் வீட்டுக்குப் போய்விடும். எட்டு நாள் அங்கேதான் இருக்கும். எட்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் முகர்ரம் அப்போதுதான் சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மூட்டையோடு வருவாள். பண்டிகை முதல் நாள் விருந்துக்கும் அவளுக்கு ஓர் இடம் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அப்படி.

விருந்தில் அவளுக்கு உயிர், அப்பச் சூப். ஆட்டுக்கறியும் வெங்காயமும் வதக்கி, தண்ணீர் விட்டு வேகவைத்து, அடித்த முட்டையை ஊற்றி, கொத்தமல்லி தூவி, புளிக்காத அப்பத்தை நொறுக்கிப் போடுவது. முட்டை வெல்வெட்டு மாதிரி சூப்போடு கலந்து நிற்க வேண்டும். முதல் வருஷமே முகர்ரம் பக்குவம் கேட்டாள். இஸ்தாம் சொன்னாள். "கறி நல்லா வெந்ததும்..." என்று சொல்லி இருமினாள். "...முட்டைய ஊத்திக் கிண்டணும்."

அந்த இருமலுக்குள் போனது இதுதான்: சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து, மூன்று கரண்டி சூப்பை எடுத்து ஆற்றி, அதை முட்டையில் கலந்து, பிறகு ஊற்றுவது. கொதிக்கிற சூப்பில் நேராக முட்டையை ஊற்றினால் திரிந்துபோகும்.

முகர்ரம் அந்தச் சூப் கெட்டுப்போனதாக வந்து சொன்னது மூன்றே தடவைதான். பிறகு சொல்லவில்லை. சமைப்பதையே விட்டுவிட்டாள் என்று இஸ்தாம் நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷம் பஸ்காவுக்குப் பத்து நாள் முன்பு, அலமாரி உச்சியில் ரொட்டித் துணுக்கு கிடக்கிறதா என்று பார்க்க இஸ்தாம் முக்காலி மேல் ஏறினாள். துணுக்கு இல்லை. ஒரு பொத்தான் இருந்தது. பொத்தானைப் பிடித்தபடியே விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு போட்டவள் மூன்றாம் வீட்டு லியூபா. கொரியாக்காரி, ஓய்வு பெற்ற நர்ஸ். தனி ஆள். அவளும் வருஷா வருஷம் விருந்துக்கு வருகிறவள்தான்.

"ஆறு வாரம் இந்தக் கை இல்லைன்னு நெனச்சுக்கோ" என்றாள் லியூபா. "அசைச்சேன்னு தெரிஞ்சா நானே மறுபடி ஒடைச்சுக் கட்டுவேன்."

"பண்டிகைச் சமையல்?"

"அதுக்கு ஏன் மூஞ்சிய தூக்கி வச்சுக்கறே?" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் முகர்ரம். "சூப் நான் வைக்கிறேன். பக்குவந்தான் எனக்குத் தெரியுமே அக்கா. நீதானே சொன்னே."

இஸ்தாம் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுக்க வழியில்லை. யூதர் அடுப்பில் பிற மதத்தார் தனியாகச் சமைக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அடுப்பைப் பற்றவைப்பதும் சட்டியை ஏற்றுவதும் ஓஷேர் கையால் நடந்தால் மற்றதை முகர்ரம் செய்யலாம் என்று தொழுகைக்கூடத்துப் பெரியவரும் சொல்லிவிட்டார். இஸ்தாம் பத்து நாளும் படுத்துப் படுத்து யோசித்தாள். கடைசியில் ஒரு வழி தோன்றியது. முட்டை ஊற்றும் நேரத்தில் "முகர்ரம், அந்த ஜன்னலைச் சாத்து" என்று சொல்ல வேண்டும். அவள் திரும்பும்போது சட்டியை இடது கையால் இறக்கிவிட வேண்டும். ஒரு நாள் யாரும் இல்லாதபோது வெறும் சட்டியை வைத்து இறக்கிப் பார்த்தாள். முடிந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தரை நனைந்தது.

பண்டிகை பொழுது சாய்ந்ததும் தொடங்கும். அன்று மத்தியானம் மூவரும் சமையலறையில் கூடினார்கள். பண்டிகைக்கென்று தனியாக எடுத்து வைத்த சட்டி, தனிக் கரண்டி, தனி முன்துணி. முகர்ரத்தின் கையை முழங்கை வரை கழுவச் சொல்லி, நகக்கண்ணைக்கூட லியூபா பார்த்தாள்.

"பிரசவம் பாக்கவா போறேன்?" என்றாள் முகர்ரம்.

"பிரசவத்தைவிட இதுக்குச் சுத்தம் வேணும். பேசாம காட்டு."

லியூபாவுக்கு அரிசி பொறுக்கும் வேலை. பஸ்காவில் அந்த ஊர் யூதர்கள் அரிசி சாப்பிடுவார்கள். ஆனால் ஒரு கோதுமை மணிகூட இருக்கக் கூடாது என்று ஏழு தடவை பொறுக்குவார்கள்.

"ஆறாவது தடவையே ஒண்ணும் கெடைக்கலையே. ஏழாவது எதுக்கு?" என்றாள் லியூபா.

"ஆறாவதுல எல்லாம் போயிருச்சுன்னு ஏழாவது பாத்தாத்தானே தெரியும்" என்றாள் இஸ்தாம்.

"அப்ப ஏழாவதுல எல்லாம் போயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

ஓஷேர் அடுத்த அறையிலிருந்து, "மூவாயிரம் வருஷமா யாரும் கேக்கல. நீ இப்ப கேக்காதே" என்றார்.

கறி வெந்தது. வீடு முழுக்க வெங்காய மணம். முகர்ரம் பன்னிரண்டு முட்டையைக் கிண்ணத்தில் உடைத்தாள். ஒவ்வொன்றாக ரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்த்தே உடைத்தாள். பொட்டு இருந்தால் யூதர்களுக்கு அந்த முட்டை ஆகாது. அதை இஸ்தாம் சொல்லாமலே செய்தாள். விருந்துக்கு வேகவைத்தது போக வீட்டில் வேறு முட்டை இல்லை. சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இஸ்தாம் சட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றுகொண்டாள்.

"முகர்ரம், அந்த ஜன்னலைச் சாத்து."

"எதுக்கு? புழுங்குது."

"காத்து அடிக்குது."

"அடிக்கலையே."

முகர்ரம் ஜன்னலைப் பார்க்கவில்லை. ஆனால் அவளும் இஸ்தாம் அந்தப் பக்கம் திரும்புவதற்குத்தான் காத்திருக்கிற மாதிரி இருந்தது. ஒரு கை முட்டையை அடித்துக்கொண்டே இருக்க, இன்னொரு கை முன்துணிக்கு அடியில், சட்டைப் பைக்குள் மெல்லப் போனது.

"பையில என்ன?" என்றாள் இஸ்தாம்.

"ஒண்ணுமில்ல. கைக்குட்டை."

"முகர்ரம். பையில என்ன?"

முகர்ரம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, ஒரே ஒரு தடவை இருமினாள்.

அந்த இருமலை இஸ்தாமுக்கு நன்றாகத் தெரியும். இடது கையை நீட்டி, முன்துணியை விலக்கி, பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே மாவு. வெள்ளை வெளேரென்று கோதுமை மாவு, ஒரு கரண்டி அளவு.

லியூபாவின் கையிலிருந்த அரிசித் தட்டு சாய்ந்தது. ஏழாவது தடவை பொறுக்கின அரிசி தரையெல்லாம் ஓடியது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள் இஸ்தாம். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. ஓஷேர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியோடு ஓடி வந்தார். பொட்டலத்தைப் பார்த்தார். கரி எடுக்கும் இடுக்கியைக் கொண்டுவந்து, செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கி, கையை முடிந்த மட்டும் நீட்டியபடி தெருவைக் கடந்து முகர்ரம் வீட்டுக்குப் போனார்.

"இதுக்குப் போயா?" என்றாள் முகர்ரம். "உங்க அப்பமே மாவுதானே. மாவு இல்லாம அப்பம் எங்கேருந்து வந்துச்சு, வானத்துலேருந்தா?"

"அது தண்ணி பட்டதும் புளிக்க விடாம மளமளன்னு சுட்டு எடுத்தது. இது வேற. இது உள்ள விழுந்திருந்தா சட்டி, சூப், பண்டிகை, எல்லாம் போச்சு."

"அப்பத்துல சேர்ற மாவு சூப்புல சேராதுன்னு எனக்கெப்படித் தெரியும்? ஒரு கரண்டிதானே. யாருக்கும் சொல்லாத வித்தை அது. உன்கிட்டகூடச் சொல்லல." முகர்ரத்தின் காது சிவந்திருந்தது. "நீ சொன்ன மாதிரியே செஞ்சா முட்டை கந்தல் கந்தலாத் திரியுது. மொதத் தடவ வச்சப்ப என் மாமியா சட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, இதுல யாரு துணி துவைச்சதுன்னு கேட்டா. சாகுற வரைக்கும் என்னைச் சமைக்கத் தெரிஞ்சவன்னு ஒத்துக்கல. அப்புறந்தான் மாவு போட்டு அடிச்சா திரியலைன்னு நானே கண்டுபிடிச்சேன். இப்ப மாவும் கூடாது. அப்ப முட்டை திரியாம இருக்க என்ன செய்யறது? நீ என்ன செய்வே?"

"நானே ஊத்திக்கறேன், தள்ளு" என்றாள் இஸ்தாம்.

"கைய அசைச்சுப் பாரு" என்றாள் லியூபா, தரையில் அரிசி பொறுக்கியபடி.

சூப் கொதித்தது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இஸ்தாமுக்குத் தொண்டையில் அரித்தது. இருமல் வந்தது. அதை விழுங்கினாள்.

"சட்டிய இறக்கணும்" என்றாள்.

"எப்ப?"

"முட்டை ஊத்துறதுக்கு முன்னாடி. மூணு கரண்டி சூப்பை ஆத்தி முட்டையில கலக்கணும். அப்புறம் ஊத்தணும்."

முகர்ரம் கிண்ணத்தை வைத்தாள். "இதை நீ சொன்னதில்ல."

"இல்ல."

"மறந்துட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முகர்ரம் அதற்கு இடம் கொடுத்துத்தான் கேட்டாள். இஸ்தாம் தரையைப் பார்த்தாள்.

"மறக்கல. இருமினேன்."

முகர்ரத்தின் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை இஸ்தாம் பார்த்தாள். ஊறுகாய் வந்தது. ஜாம் வந்தது. மாமியார் வந்தாள். முகர்ரம் முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். முகர்ரம் பேசாமல் போனதை அந்தச் சந்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இஸ்தாம் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு மூணு தடவ படம் எடுத்துப் பாத்தேன்" என்றாள் லியூபா, ஒரு மாதிரிக் குரலில். "மூணு தடவ. என் வெள்ளைக் கோட்டுல செர்ரிக் கறை பட்டுச்சே, ஞாபகம் இருக்கா? கொதிக்கிற தண்ணிய ஒசரத்துலேருந்து ஊத்தச் சொன்னே. இருமினே. அங்க என்ன?"

"சோப்பு போடக் கூடாது."

"நான் சோப்பு போட்டேன்."

"தெரியும்."

"கறை நீலமாயிடுச்சு. ஆறு வருஷம் நீலப் பொட்டோட ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேனா மை கொட்டிடுச்சான்னு நோயாளி எல்லாம் கேட்டான்."

கதவு தட்டப்பட்டது.

முகர்ரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் அவள் பேத்தியின் பள்ளிக்கூட நோட்டு, காதில் பேனா. "பையைப் பாத்துக்கோங்க, ஒண்ணுமில்ல" என்று இரண்டு பையையும் வெளியே இழுத்துக் காட்டினாள். பிறகு நேராகப் போய்ச் சட்டியை இறக்கினாள். மூன்று கரண்டி ஆற்றினாள். முட்டையில் கலந்தாள். மெல்ல ஊற்றினாள். சூப் மஞ்சளாக, வழுவழுவென்று நின்றது. ஒரு துளி நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இறக்கி வைக்கிறது."

"ஆமா."

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல ஒவ்வொண்ணா சொல்லணும்" என்றாள் முகர்ரம். "இருமின எல்லாத்தையும். நான் எழுதறேன். பண்டிகை ராத்திரி எழுதக் கூடாதுங்கறது உங்களுக்குத்தானே, எனக்கென்ன."

இஸ்தாம் இடது கையால் பண்டிகை விளக்கை ஏற்றினாள். ஓஷேர் தொழுகைக்கூடத்திலிருந்து வந்ததும் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். கசப்புக் கீரை, வேகவைத்த முட்டை, பழமும் கொட்டையும் இடித்த இனிப்புத் துவையல், மூன்று அப்பம். திராட்சை ரசம் இரண்டு பேருக்கு, லியூபாவுக்கும் சேர்த்தால் மூன்று பேருக்கு. முகர்ரத்துக்கு மாதுளைச் சாறு. அவள் தட்டுக்குப் பக்கத்தில் நோட்டு.

எகிப்திலிருந்து அடிமைகள் புறப்பட்டதை நடித்துக் காட்டுவது அங்கே வழக்கம். ஒருவர் அப்பத்தைத் துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கோலூன்றி வெளியிலிருந்து வருவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். ஓஷேர் தோளில் மூட்டையோடு நொண்டி நொண்டி உள்ளே வந்தார்.

"எங்கேருந்து வர்றே?" என்றாள் இஸ்தாம்.

"எகிப்திலேருந்து."

"எங்கே போறே?"

"எருசலேமுக்கு."

"கால் ஏன் நொண்டுது?" என்று கேட்டாள் முகர்ரம். அது புத்தகத்தில் இல்லாத கேள்வி.

"பித்தவெடிப்பு" என்றார் ஓஷேர். "இருபது வருஷமா இவ கொழுப்பும் மெழுகும் காய்ச்சித் தடவிவிடறா. கேக்கல."

முகர்ரமும் லியூபாவும் ஒன்றாகத் திரும்பி இஸ்தாமைப் பார்த்தார்கள்.

"காலுறை போட்டுக்கிட்டுத் தூங்கணும்" என்றாள் இஸ்தாம் மெதுவாக.

ஓஷேர் மூட்டையை இறக்கினார். "எனக்குமா?"

"ஆறிப்போனா என்னை எதுக்குத் தடவிவிடச் சொல்லப்போறீங்க?"

முகர்ரம் எழுதிக்கொண்டாள்.

பிறகு பாட்டு வந்தது. கடவுள் இதை மட்டும் செய்திருந்தால் போதுமே, அதை மட்டும் செய்திருந்தால் போதுமே என்று நீளமாகப் போகிற பாட்டு. ஓஷேர் பாடி முடித்ததும் முகர்ரம் அதே ராகத்தில் தொடங்கினாள்.

"ஊறுகாயில கொத்தமல்லி விதைய மட்டும் ஒளிச்சிருந்தா..."

"போதுமே" என்றாள் லியூபா.

"ஜாமுக்கு மூடிய மட்டும் ஒளிச்சிருந்தா..."

"போதுமே" என்றார் ஓஷேர்.

"என் மாமியாகிட்ட துணி துவைச்ச சட்டின்னு பேர் வாங்கித் தந்தது மட்டும் இருந்தா..."

"போதுமே" என்றாள் இஸ்தாமே. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியபோது முகர்ரம் பேனாவை வைத்தாள். "எதுக்கு அக்கா?"

இஸ்தாம் அப்பத்துணுக்குகளை ஒரு விரலால் கூட்டிக் குவித்தாள். "ஒரு தடவ, இந்தச் சந்துல இருந்தாளே, யோகுத்துக்கு முழுசாச் சொன்னேன். அந்தக் கொத்தமல்லிச் சோறு. ஒண்ணுகூட விடாம. அதுக்கப்புறம் அவ இந்த வாசப்படி மிதிக்கவே இல்ல."

"அவ அடுத்த மாசமே அமெரிக்கா போயிட்டா" என்றார் ஓஷேர்.

"போயிட்டா சரி. எனக்கு அப்படித் தோணிப்போச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டா நீங்கல்லாம் எதுக்கு வரப்போறீங்க?"

முகர்ரம் மூக்கை உறிஞ்சினாள்.

"சூப்புக்காகவா வந்தேன்? எங்க வீட்டுல மாமியா இருந்தா. நான் வேற எங்க போறது?"

"உன் மாமியா போய் ஒன்பது வருஷமாச்சே" என்றாள் லியூபா.

"பழகிப்போச்சு. அடுத்தது சொல்லு அக்கா. சமோவாருக்கு என்ன விட்டே?"

அன்று எழுதியது பதினேழு பக்கம். மிச்சத்தைப் பண்டிகை முடிவதற்குள் வாங்கிவிட்டாள்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. நோட்டில் இப்போது நாற்பத்தொரு பக்குவம் இருக்கிறது. அது முகர்ரம் வீட்டுச் சமையலறையில் ஆணியில் தொங்குகிறது. லியூபா அந்த நீலப் பொட்டுக் கோட்டைக் கிழித்துத் தரை துடைக்கிறாள். ஓஷேருக்கு வெடிப்பு ஆறிவிட்டது. களிம்பை இன்னும் இஸ்தாம்தான் தடவுகிறாள். போன மாதம் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்தபோது, பேச்சுக்கு நடுவில் இருமியதும் முகர்ரம் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து, "என்ன விட்டே, சொல்லு" என்று உட்கார்ந்துகொண்டாள். பஸ்கா சூப் இஸ்தாம் வீட்டில்தான் வேகிறது. அடுப்பை ஓஷேர் பற்றவைக்கிறார், சட்டியை முகர்ரம் இறக்குகிறாள். கதவு தினமும் காலை ஒன்பதரைக்குத் தட்டப்படுகிறது.